முப்பத்தொரு முடிச்சு

என் மேசையின் கீழ் இழுப்பறையில், ஓடாத கைக்கடிகாரத்துக்கும் பழைய புகைப்படங்களுக்கும் அடியில், ஒரு நார்க் கயிறு கிடக்கிறது. கற்றாழை நாரைக் கையால் திரித்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதில் வரிசையாக முடிச்சுகள். எண்ணினால் முப்பத்தொன்று வரும். முதல் இருபதும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், பொறுமையாகப் போட்டவை. பிறகு முடிச்சுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கின்றன. கடைசி நான்கும் அவசரத்தில் போட்டவை என்று பார்த்தாலே தெரியும். அதற்குப் பிறகு இன்னும் பதினான்கு முடிச்சு போடுகிற அளவுக்கு நார் வெறுமையாக நீண்டிருக்கிறது. வீடு மாற்றும்போதெல்லாம் என் மனைவி இதைக் குப்பையில் போடப் பார்ப்பாள். நான் வாங்கி மறுபடியும் இழுப்பறையில் வைப்பேன். எதற்கு என்று கேட்டால் எலி ஆராய்ச்சி செய்த காலத்துச் சாமான் என்று சொல்லிவிடுவேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. இப்படிப் பாதி சொல்லி நிறுத்துகிற பழக்கம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரமெல்லாம் இல்லை. ஊர் முடிகிற இடத்தில் மூடிக் கிடந்த ஒரு கடலை எண்ணெய் மில்லை ஓர் அறக்கட்டளை எடுத்து, சுண்ணாம்பு அடித்து, மூலிகை ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டியிருந்தது. நடத்தியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எல்லோருக்கும் அவர் டாக்டர் ஐயா. மாதத்தில் பாதி நாள் மெட்ராஸில் இருப்பார். மற்றபடி அங்கே இருந்தது நானும் ஒரு வாட்ச்மேனும்தான். எனக்கு இருபத்தாறு வயது. மருந்தியல் படித்துவிட்டு, பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற கர்வத்தோடு திரிந்துகொண்டிருந்தேன். எண்ணெய்ச் செக்குகள் நின்ற கூடத்தில் எலிக் கூண்டுகளை அடுக்கியிருந்தோம். எவ்வளவு கழுவினாலும் பிண்ணாக்கு வாசனை போகவில்லை. எலிகளுக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் பரிசோதித்தது சிறுகுறிஞ்சான் இலை. வேலை இதுதான்: வெள்ளெலிகளுக்கு ஒரு ரசாயனத்தை ஊசியில் ஏற்றிக் கணையத்தைக் கெடுப்போம். இரண்டு மூன்று நாளில் அவற்றுக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், கூண்டு நனைந்துகொண்டே இருக்கும், உடம்பு வற்றும். பிறகு அவற்றில் ஒரு கூட்டத்துக்கு இலைச்சாறு, ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். முனை மழுங்கிய வளைந்த ஊசியால் தினமும் காலையில் வாய் வழியாகக் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்ப்போம். மொத்தம் நாற்பத்தைந்து நாள். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று டாக்டர் ஐயா சொல்லியிருந்தார்.

இலை கல்வராயன் மலையிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரைச் சேர்ந்த பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பேர் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. முதல் நாள் நான் பெரிய மேதாவி போல இலையின் தாவரவியல் பெயரைச் சொன்னேன். அவர் இரண்டு இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டி, "மென்னுட்டு இந்த வெல்லத்த வாயில போடுங்க சார்" என்றார். போட்டேன். வெல்லம் மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது. இனிப்பு என்ற ஒன்றே நாக்கிலிருந்து போய்விட்டது. புத்தகத்தில் படித்த விஷயம்தான், ஆனாலும் திகைத்து நின்றேன். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இரண்டாவது தடவை அவருடைய வீட்டுக்காரரும் கூட வந்தார். மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, கூண்டுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுங்களுக்கா சக்கர? இதுங்க இன்னா தெனம் பொங்கச் சோறா துன்னுதுங்க?" என்று கேட்டு, தானே சிரித்துக்கொண்டார். பிறகு குடத்துத் தண்ணீரை மூன்று சொம்பு குடித்தார். டாக்டர் ஐயா அன்றைக்கு இருந்தார். மூன்றாவது சொம்பில் அவர் பார்வை நிலைத்தது. சிறுநீரைப் பிடித்துக் கொண்டுவரச் சொல்லி, நீல மருந்தில் சில சொட்டு விட்டுச் சூடு காட்டினார். குழாய் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது. சர்க்கரை மிக அதிகம் என்று அர்த்தம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, "உடனே போகணும், தள்ளிப் போடாதீங்க" என்றார். அக்கா சீட்டை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை மூட்டையோடு வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன். எலிகளுக்கு அன்று ஐந்தாம் நாள். "இல்ல சார். நீங்க எலிக்கு ஆரம்பிச்ச அன்னிக்கே அவருக்கும் ஆரம்பிச்சிட்டேன்" என்றார். எங்கள் கூண்டு வரிசையில் அவர் கணவரும் சேர்ந்துவிட்டது போல அதைச் சொன்னார். "எத்தினி நாளு சார்?" என்று கேட்டார். நாற்பத்தைந்து என்றேன். "முடிச்சி வெக்கிறது நீங்கதானே?" ஆமாம், நான்தான் என்றேன். அவர் கேட்டது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. கையில் எலி நெளிந்துகொண்டிருந்தது, வாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விளங்காத கேள்விக்கு ஆமாம் போடுவதில் நான் கெட்டிக்காரன்.

அது அவர்கள் வீட்டு வழக்கம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இலை மருந்து தொடங்கினால் பத்தியம். நோயாளிக்கு உப்பில்லை, புளியில்லை. அவருக்குச் சமைக்கிறவரும் அதையேதான் சாப்பிட வேண்டும். நாள் கணக்கு வைத்து மருந்தை நடத்துகிறவர் ஒருவர் இருப்பார். கணக்கு முடிந்ததும் அவரே தன் கையால் உப்புப் போட்ட சோறு கொடுத்துப் பத்தியத்தை முறிப்பார். நடுவில் நிறுத்துவதானாலும் அவர்தான் முறிக்க வேண்டும். முறிக்காமல் வேறு மருந்துக்குப் போனால் முதல் மருந்து உடம்பில் விஷமாகத் திரும்பி நின்றுவிடும் என்று நம்பினார்கள். அக்காவின் அப்பா இருந்தவரை அவர் நடத்தினார். அவர் போன பிறகு நடத்த ஆள் இல்லை. இலை பறிக்க அக்காவுக்குத் தெரியும், ஆனால் பறிக்கிறவர் நடத்தக் கூடாது. கீழே ஊசியும் நோட்டும் வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் அதே இலையைக் கொடுத்துக்கொண்டிருந்த என்னை அவர் அந்த இடத்தில் வைத்துவிட்டார். என்னிடம் கேட்டுத்தான் வைத்தார். நான்தான் சரி என்றேன்.

பதினான்காம் நாள் ரத்தம் பார்த்தபோது இலைச்சாறு குடித்த எலிகளுக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. அன்று மாலைவரை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்டர் ஐயா ஊரில் இல்லை. வாட்ச்மேனுக்குச் சொன்னால் தலையாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்து அக்கா வந்தார். எப்போதும் போல வாசலில் நின்றபடியே கேட்டார்: "எலி இன்னா சொல்லுது சார்?"

"நல்லா இருக்குக்கா! சக்கர எறங்கிக்கினே வருது. அருமையான எல உங்களுது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். எலிக்கு நல்லா இருக்கிறது, மனிதனுக்கு எனக்குத் தெரியாது, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் சந்தோஷமாக ஒன்றைச் சொல்லும்போது அதற்கு வால் ஒட்ட மனம் வரவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதரும் அதே நாளிலிருந்து அதே இலையைச் சாப்பிடுகிறார் என்பது உள்ளூர எனக்குப் பிடித்திருந்தது.

இருபத்துநாலாம் நாள் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் சாலை மறியல் தொடங்கியது. வடக்கே போகும் நெடுஞ்சாலை முழுக்க மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது, மலைக்குப் போகிற பஸ்ஸும் நின்றது. துப்பாக்கிச் சூடு என்றார்கள், செத்தவர்கள் இத்தனை பேர் என்று ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். என் தம்பியும் அதில் இருந்தான். எனக்கும் அந்தக் கோரிக்கையில் முழுச் சம்மதம்தான். எங்கள் ஊரில் என்னோடு படித்த இருபது பேரில் நான் ஒருவன்தான் கல்லூரிக்குள் கால் வைத்தேன், மற்றவர்கள் என்னைவிட மட்டமில்லை. ஆனால் அந்த வாரம் என் கவலையெல்லாம் எலித் தீவனம் பற்றியது. மெட்ராஸிலிருந்து வரவேண்டிய தீவன மூட்டை உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் லாரியோடு நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. தீவனத்தை மாற்றினால் கணக்குக் கெடும். இருபத்தாறாம் நாள் காலையில் எலிகளுக்குச் சாறு கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு வாட்ச்மேனுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் புளிய மரங்கள் குறுக்கே கிடந்தன. ஒவ்வொரு மரத்தையும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் என் தம்பியே கோடரியோடு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். "எலிக்குச் சோறு எடுக்கவாண்ணா இம்மாந்தூரம் போற?" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் மூட்டையோடு திரும்பும்போது அவர்களே சைக்கிளை மரத்துக்கு மேலாகத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். "போவட்டும் வுடு, எலி இன்னா பண்ணும் பாவம்" என்றார் ஒரு பெரியவர். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் விட்டார்கள் என்று தம்பி பிற்பாடு சத்தியம் செய்தான். விடவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. நான் பார்க்கவில்லை, அதனால் எதையும் சொல்ல மாட்டேன். என் எலித் தீவனத்தை விட்டார்கள், அது எனக்குத் தெரியும்.

இருபத்தேழாம் நாள் பிற்பகல் வந்து சேர்ந்தேன். வாசலில் ஓர் இலை மூட்டை இருந்தது. "மலையிலேருந்து அந்தம்மா வந்துச்சி. நேத்து மத்தியானத்துலேருந்து உங்களுக்காகக் குந்திக்கினு இருந்துச்சி. காலையிலதான் போச்சி" என்றார் வாட்ச்மேன். என்ன விஷயம் என்று கேட்டேன். "உங்களாண்டதான் சொல்லணும்னுச்சி. இத மட்டும் வெச்சிட்டுப் போச்சி." பஸ் இல்லாத நாளில் மலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், நடந்தே திரும்பியிருக்கிறார். அது எனக்கு உறைக்கவில்லை. மூட்டையைப் பிரித்து இலையை மோந்து பார்த்தேன். இலையும் வந்துவிட்டது, தீவனமும் வந்துவிட்டது, ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று துள்ளாத குறைதான். அன்று நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாலை திறந்து, பஸ் ஓடி, ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட பிறகு, நாற்பத்துநாலாம் நாள் காலையில் அக்கா வந்தார். மூட்டை இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"அவரு பூட்டாரு சார்" என்றார். அவர் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தார்.

காலில் முள் தைத்த புண். அது ஆறவில்லை, விரல் கறுத்து, கறுப்பு மேலே ஏறியிருக்கிறது. "கட்டில கயித்துல கட்டி நாலு பேரு தூக்க ரெடியா நின்னாங்க சார். நீங்க முறிச்சிக் குடுத்தா அப்டியே ஆஸ்பத்திரிக்கு எறக்கிக்கினு பூடலாம்னு ஓடியாந்தேன். நீங்க இல்ல."

முறிப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் கேட்டேன். பத்தியத்தைப் பற்றியும், நாள் கணக்கைப் பற்றியும், நான் ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பற்றியும் அவர் அப்போதுதான், ஒரு குழந்தைக்குச் சொல்வது போல எனக்கு விளக்கினார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான் ஊரில் இல்லாதது யாருடைய தப்பும் இல்லை என்றார். கூண்டுகளைப் பார்த்தார்.

"எலிங்க எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குதுக்கா."

"ஒண்ணும் சாவலியா?"

"எல குடிச்சதுல ஒண்ணும் சாவல."

அக்கா கூண்டுகளிலிருந்து பார்வையை எடுத்தார். "அப்ப எல மேல தப்பு இல்ல. நான்தான் எங்கியோ பத்தியம் தப்பிட்டேன்" என்றார். எந்த நாளில், எந்தப் பாத்திரத்தில், பழைய உப்பு ஒட்டியிருந்ததோ என்று தனக்குள்ளே தேடிக்கொண்டு நின்றார்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். என் வாய் திறக்கவில்லை. அவர் கண்டுபிடித்த அந்தக் காரணம் என்னைக் காப்பாற்றியது, அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான்.

"நான் இன்னும் உப்பு போட்டுக்கல சார்" என்றார். "நீங்க குடுக்கணும்."

நாற்பத்துநாலு நாளாக அவரும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டிருக்கிறார். கணவர் இறந்து பதின்மூன்று நாள் ஆன பிறகும் அப்படித்தான். என் கை தன்னால் அலமாரியிலிருந்த உப்புப் புட்டியை நோக்கிப் போனது. ஊசி மருந்து கரைக்க வைத்திருந்த உப்பு. பாதியில் கையை இழுத்துக்கொண்டேன். என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். கையைக் கழுவி, ஒரு கவளம் உருட்டி, அக்காவின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தேன். அவர் கிழக்கே திரும்பி நின்று அதைச் சாப்பிட்டார். மெதுவாக, ஒரு பருக்கையும் சிந்தாமல். பிறகு சுருக்குப் பையிலிருந்து இந்த நாரை எடுத்து மேசைமேல் வைத்தார். நாளுக்கு ஒரு முடிச்சு. "நாள் கணக்கு உங்களுது. வூட்டுல வெச்சிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாரோடு டாக்டர் ஐயாவின் சீட்டும் வந்து விழுந்தது, நான்காக மடித்தபடி, பிரிக்காமல்.

நாற்பத்தாறாம் நாள் எலிகளையெல்லாம் கொன்றோம். கணையத்தை எடுத்துப் பார்க்க வேறு வழியில்லை, தொடக்கத்திலிருந்தே அதுதான் திட்டம். ஒன்றும் சாகவில்லை என்று அக்காவிடம் சொல்லி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த டாக்டர் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "நம்ம நோட்டுல அவர் இல்லையேப்பா" என்றார். கட்டுரை எழுதி அனுப்பினோம். இலைச்சாறு குடித்த எலிகள் நாற்பத்தைந்து நாளும் நலமாக இருந்தன என்ற வரியை எழுதியது நான்தான். அது உண்மைதான், யாரும் அதில் குற்றம் காண முடியாது.

சில வருடம் கழித்து, கல்லூரியில் வேலை கிடைத்த பிறகு, ஒருமுறை வெள்ளிமலைக்குப் போனேன். அங்கிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு அந்தச் சிற்றூர்வரை போய் விசாரித்தேன். கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள், எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. வீடு பூட்டியிருந்தது. வாசலில் வேலியெல்லாம் சிறுகுறிஞ்சான் படர்ந்திருந்தது. ஓர் இலையைக்கூடக் கிள்ளாமல் திரும்பி வந்தேன்.

இப்போது நானே தினமும் மாத்திரை போடுகிறேன். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அந்த இலைப்பொடி பொட்டலமாகவே கிடைக்கிறது. நான் மருந்தியல் வாத்தியார் என்று தெரிந்தவர்கள் ஷேர் ஆட்டோவில்கூடக் கேட்பார்கள். போன வாரம் ஓர் அம்மா, "எங்க வூட்டுக்காரருக்குக் குடுக்கலாங்களா சார், நல்லதுன்றாங்களே?" என்றார். பஸ் நிலையம் வந்துவிட்டது, ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார். நான் இறங்காமல் உட்கார்ந்து முழுதாகச் சொன்னேன். எலிக்கு நல்லா இருந்துச்சு. மனுஷனுக்கு எனக்குத் தெரியாது. மாத்திரையை நிறுத்தாதீங்க, காலைத் தினமும் பாருங்க, முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அந்த அம்மா பயந்துபோய்ச் சரிங்க சரிங்க என்றார். நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து நாரை எடுத்தேன். கடைசி முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். பத்தியம் தப்பலக்கா, நீங்க எதையும் தப்பா செய்யல என்று சொன்னேன். அறையில் யாரும் இல்லை. அடுக்களையிலிருந்து மனைவி, "யாருகிட்ட பேசறீங்க?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாரை அவள் கையில் கொடுத்து, முதல் முடிச்சிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.